உடற்கட்டுக்குப் புரதம் கூட்டும்போது வயிறு கெடுவது ஏன்? திருகோணமலையில் புதிதாக எடை தூக்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஜிம்மில் சேர்ந்த சில வாரங்களிலேயே வயிறு ஊதுவதும், ஏப்பமும் வாய்வும் கூடுவதும், ஒருவருக்கு மூன்று நாளாக மலம் போகாமல் இருப்பதும், இன்னொருவர் நாளுக்கு நான்கு முறை மலசலகூடத்துக்கு ஓடுவதும் எடை தூக்கப் பழகும் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய முறைப்பாடுகள்தாம். புதியவர்கள் இவற்றுக்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "எனக்குப் புரதம் ஒத்துவரவில்லை." அந்த முடிவு அவசரமானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மீன், இறைச்சி, சமைத்த முட்டை ஆகியவற்றிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை நலமாக உள்ள ஒருவரின் சிறுகுடல் சிரமமின்றிச் செரித்து உறிஞ்சிவிடுகிறது. வயிற்றைக் கெடுப்பது, புரதத்தோடு கூடவே உள்ளே போன வேறொரு பொருளாகவோ, புரதத்துக்கு இடங்கொடுத்துத் தட்டிலிருந்து விலகிப்போன ஏதோ ஒன்றாகவோ, அளவைக் கூட்டிய வேகமாகவோதான் பெரும்பாலும் இருக்கும். அது எது என்று கண்டறியாமல் புரத மாவை மாற்றுவதும் மாத்திரை விழுங்குவதும் பணத்தை வீணாக்கும். கீழே தரப்பட்டுள்ள படிகளை அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் செய்து பாருங்கள். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று உங்களுக்கே தெரியாமற் போகும்.

முதலாம் படி: வைத்தியரிடம் செல்ல வேண்டியவர்கள் யார்?

உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத சில அறிகுறிகள் உள்ளன. மலத்தில் இரத்தம், தார்போலக் கறுத்து ஒட்டும் மலம், முயற்சி இல்லாமலே எடை இறங்குதல், விழுங்கும்போது உணவு தடைப்படுதல், விடாத வாந்தி, காய்ச்சலோடு கூடிய வயிற்றோட்டம், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்கள் தத்தம் தள வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டும். இரத்த வாந்தி அல்லது மயக்கம் போன்ற அவசர நிலையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால், எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். ஜிம்மில் யாரேனும் கொடுத்த ஸ்டீரொய்ட் மாத்திரையும் அவற்றுள் அடங்கும். வாயால் எடுக்கும் அத்தகைய மாத்திரைகள் ஈரலைத் தாக்கி மஞ்சட்காமாலையை வரவழைக்கக்கூடியவை. வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். நலமான சிறுநீரகத்தைப் புரத உணவு கெடுப்பதாகச் சான்று இல்லை. ஆனால் ஏற்கனவே பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு அது சுமை. நமது மாவட்டத்தின் பதவிசிறிபுர போன்ற விவசாயப் பகுதிகளில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகிறது. அப்பகுதிகளில் வளர்ந்தவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருப்பவர்களும், தொடங்குமுன் இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. தசைவலுவுக்காகக் கிரியேட்டின் என்ற மாவை எடுப்பவர்களுக்கு இந்த அளவு சற்றுக் கூடித் தெரியலாம் என்பதால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எழுதிவைத்தல்

ஒரு கொப்பியில் ஒரு வாரத்துக்கு நான்கு விடயங்களை மட்டும் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எந்த நேரத்தில் எந்தத் தொல்லை வந்தது, மலம் எப்படி இருந்தது. ஆட்டுப் புழுக்கைபோலக் கட்டிக்கட்டியாகப் போனால் நாரும் நீரும் குறைவு என்று கொள்ளலாம். தண்ணீராகப் போனால் லக்டோஸ் (பாலிலுள்ள சீனி), இனிப்பூட்டிகள் அல்லது கிருமி என்று தேட வேண்டும். நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை மலம் கழிவது இயல்பே. உங்கள் வழமை மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொல்லை வரும் நேரமும் துப்புக் கொடுக்கும். குடித்து அரை மணிக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கும் இடையில் வயிறு இரைந்து ஊதினால் பாலைச் சந்தேகிக்கலாம். ஆறு, எட்டு மணித்தியாலம் கழித்து வாய்வு கூடினால் கடலை, பருப்பு வகைகளைச் சந்தேகிக்கலாம். படுத்தவுடன் நெஞ்செரிந்தால் இரவுச் சாப்பாட்டின் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: உண்மையில் எவ்வளவு புரதம் வேண்டும் என்று கணக்கிடுதல்

எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.4 முதல் 2 கிராம் வரையான புரதம் போதுமென்பது விளையாட்டுப் போசணைத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு, புதியவர் 1.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் குறையொன்றும் வராது. 70 கிலோ உள்ளவருக்கு அது 112 கிராம். உடல் பருமனானவர்கள் இப்போதைய எடையை அல்லாமல், அடைய விரும்பும் எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். பக்கத்தில் தூக்குபவர் 200 கிராம் எடுக்கிறார் என்பதோ, ஜிம் மாஸ்டர் சொன்னார் என்பதோ அளவுகோல் ஆகாது. தேவைக்கு மேலே போகும் புரதம் தசையாக மாறுவதில்லை. அதில் செரிக்காமல் எஞ்சும் பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பக்டீரியாக்களுக்கு உணவாகி, ஐதரசன் சல்பைட் போன்ற வாயுக்களாக வெளியேறுகிறது. ஜிம்மில் எல்லாரும் கேலி செய்யும் அந்த நாற்றத்துக்குக் காரணம் இதுவே.

112 கிராமை ஊர்ச் சாப்பாட்டிலிருந்தே எப்படிச் சேர்க்கலாம் என்று பார்ப்போம். காலையில் சிவப்பரிசிப் புட்டோடு மூன்று அவித்த முட்டையும் சிறிய கிண்ணம் அவித்த பயறும் சாப்பிட்டால் 25 கிராம் வரும். மதியம் சோற்றோடு சமைத்த மீன் 100 கிராமுக்குச் சற்று மேலும், பருப்புக் கறி ஒரு கிண்ணமும், ஏதாவதொரு கீரை வறையும் இருந்தால் ஏறத்தாழ 40 கிராம். மாலையில் சட்டித் தயிர் 200 கிராமில் 8 கிராம் அளவில் கிடைக்கும். இரவு இடியப்பத்தோடு மீனோ கோழியோ 80 கிராம் என்றால் 20 கிராமுக்கு மேல். சோறு, புட்டு, இடியப்பம் ஆகியவற்றிலுள்ள புரதம் பத்துப் பன்னிரண்டு கிராம் சேர்ந்தால், மா எதுவும் இல்லாமலே 105 கிராம் அளவுக்கு வந்துவிடுகிறோம். மிச்சத்துக்கு இன்னொரு முட்டை போதும். புரத மாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை முடிந்து நேரே ஜிம்முக்குப் போகிறவருக்கு அது வசதியான பொருள். ஆனால் அது கட்டாயமானதன்று, இப்போதைய விலையில் நாளுக்கு மூன்று ஸ்கூப் (அளவுக்கரண்டி) கரைத்துக் குடிப்பது பெரும்பாலானோருக்கு வீண்செலவு.

கூட்டும் வேகமும் இந்தப் படியிலேயே அடங்கும். இதுவரை நாளுக்கு 60 கிராம் எடுத்தவர் அடுத்த நாளே 112க்குத் தாவக் கூடாது. வாரத்துக்கு 15 அல்லது 20 கிராம் என்று கூட்டினால் மூன்று நான்கு வாரத்தில் அங்கே போய்ச் சேரலாம். குடலிலுள்ள பக்டீரியாக்களின் கூட்டமும் அதற்குள் புதிய உணவுக்குப் பழகிவிடும். ஒரு வேளைக்கு 25 முதல் 40 கிராம் என்று நான்கு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் தேநீரோடு நிறுத்திக்கொண்டு, இரவு ஒரே இருப்பில் அரைக் கோழியைத் தின்று கணக்கை முடிப்பவர்களுக்குத்தான் வயிறு அதிகம் கனக்கிறது.

நான்காம் படி: பாலைச் சோதித்தல்

என் மதிப்பீட்டில் இந்த ஊரில் மிகக் கூடுதலான வயிற்றுத் தொல்லைக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பாலிலுள்ள லக்டோஸ் என்ற சீனியைச் செரிக்க லக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். குழந்தைப் பருவத்தில் எல்லாரிடமும் இருக்கும் அந்த நொதியம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கணிசமானவர்களுக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. செரிக்காத லக்டோஸ் குடலுக்குள் நீரை இழுத்து, பெருங்குடலில் புளித்து, வாயுவையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். இது நோயன்று, உடலின் இயல்பு. குறைபாடு இருந்தாலும் ஒரு தடவைக்கு 12 கிராம் அளவு லக்டோஸைப் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பாலிலிருந்து எடுக்கப்படும் வே என்ற புரத மாவில், கான்சன்ட்ரேட் வகையின் 30 கிராம் ஸ்கூப்பில் லக்டோஸ் பொதுவாக மூன்று கிராமைத் தாண்டுவதில்லை. மேலும் சுத்திகரித்த ஐசொலேட் வகையில் அதைவிடக் குறைவு. ஆனால் அந்த மாவை நம்மவர்கள் வெறும் தண்ணீரில் கரைப்பதில்லை. நான்கு மேசைக்கரண்டி பால்மாவைக் கரைத்து, அதற்குள் ஸ்கூப்பைப் போட்டு, ஒரு வாழைப்பழத்தையும் அடித்துக் குடிக்கிறார்கள். முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லக்டோஸ்தான். 30 கிராம் பால்மாவில் மட்டும் 11 கிராம் வந்துவிடுகிறது. அதற்கு மேலே நாளுக்கு மூன்று நான்கு பால்தேநீர். வயிறு ஊதினால் பழி வே மாவின்மேல் விழுகிறது, உடனே இருமடங்கு விலைகொடுத்து ஐசொலேட் வாங்கி அதையும் பால்மாவிலேயே கரைக்கிறார்கள்.

சோதனை எளிது. இரண்டு வாரத்துக்குப் பால்மா, பசும்பால், பால்தேநீர், ஐஸ்கிறீம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தேநீரை வெறுந்தேநீராகக் குடியுங்கள். புரத மாவைத் தண்ணீரில் மட்டும் கரையுங்கள். தொல்லை அடங்கினால், விடுமுறை நாளொன்றில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய குவளை பாலைக் குடித்து நான்கு மணித்தியாலம் பாருங்கள். மீண்டும் வயிறு இரைந்து ஊதினால் விடை கிடைத்துவிட்டது. அப்படியானவர்கள் தயிரையும் விட்டுவிட வேண்டியதில்லை. புளிக்கும்போது லக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது, தயிரிலுள்ள பக்டீரியாக்கள் மிச்சத்தைச் செரிக்க உதவுகின்றன. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலிருந்து வரும் எருமைத் தயிர் பெரும்பாலானோருக்கு ஒத்துப்போகும். அதில் கொழுப்பு அதிகம் என்பதால், பயிற்சிக்குச் சற்றுமுன் சாப்பிட்டால் மட்டும் வயிறு கனக்கும். தேங்காய்ப்பாலில் லக்டோஸ் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம், ஏனென்றால் சொதியையும் நிறுத்திவிட்டு வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

பாலை நிறுத்தியும் தொல்லை அப்படியே இருந்தால், லக்டோஸைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுப் பழையபடி பால்தேநீர் குடிக்கலாம்.

ஐந்தாம் படி: டப்பாவின் லேபலை வாசித்தல்

எடை கூட்ட விரும்பும் மெலிந்த இளைஞர்கள் வாங்கும் மாஸ் கெய்னர் வகைகளில் புரதத்தைவிட மோல்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாச்சத்தே மிக அதிகம். ஒரு தடவைக்கான அளவாக 150 கிராமுக்கு மேல் போடச் சொல்லும் டப்பாக்கள் உண்டு. அவ்வளவையும் ஒரே மூச்சில் குடித்தால் எந்த வயிறும் முறையிடும். வாங்கியாயிற்று என்றால் அளவைக் கால்பங்காகப் பிரித்துச் சாப்பாட்டோடு எடுங்கள்.

சீனி இல்லாதது என்று விற்கப்படும் புரத பார்களில் மோல்டிடோல், சோர்பிடோல் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கும். இவை குடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை; இரண்டு பார் தின்றவருக்கு வயிற்றோட்டம் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிரியேட்டினை முதல் வாரத்தில் நாளுக்கு 20 கிராம் ஏற்றும் வழக்கமும் வயிற்றோட்டத்துக்கு நன்கறியப்பட்ட காரணம். நாளுக்கு 3 முதல் 5 கிராம் என்று நேரடியாகத் தொடங்கினால் சில வாரத்தில் அதே நிலைக்குத் தசை வந்துவிடும். பயிற்சிக்குமுன் குடிக்கும் கஃபீன் கலந்த மாக்கள் குடலை விரைவுபடுத்துவதோடு நெஞ்செரிவையும் கூட்டும்.

பொலித்தீன் பையில் பிரித்து நிறுத்து விற்கப்படும் மாவை வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாசிக்க லேபலே இல்லாதபோது, மேலே சொன்ன எதையும் சோதிக்க முடியாது.

குடிக்கும் முறையிலும் ஒரு சிறு திருத்தம் தேவை. குலுக்கிய நுரையோடு மடமடவென்று விழுங்கினால் காற்றும் உள்ளே போய் ஏப்பமாக வரும். நுரை அடங்கும்வரை சில நிமிடம் வைத்துவிட்டு மெதுவாகக் குடியுங்கள். கடினமான பயிற்சியின்போது இரத்தம் தசைப் பக்கம் திரும்பியிருப்பதால், கடைசி எடையை இறக்கிவைத்த கையோடு குடிப்பதைவிட இருபது முப்பது நிமிடம் கழித்துக் குடிப்பது வயிற்றுக்கு இதம். அதனால் தசை வளர்ச்சி எதுவும் தவறிப்போகாது.

ஆறாம் படி: நார்ச்சத்தையும் தண்ணீரையும் திருப்பிக் கொண்டுவருதல்

மலச்சிக்கல் உள்ளவர்கள் இந்தப் படியில் அதிக நேரம் செலவிட வேண்டும். மீனிலும் முட்டையிலும் கோழியிலும் நார்ச்சத்து துளியும் இல்லை. புரதம் கூட்டத் தொடங்கியவர் சோற்றைக் குறைத்து, பருப்பை ஒதுக்கி, கீரையை மறந்து, அவித்த கோழி நெஞ்சையும் முட்டை வெள்ளைக்கருவையும் மட்டும் தின்னும்போது, குடலில் மலத்துக்கு உருக்கொடுக்க எதுவும் எஞ்சுவதில்லை. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. அதற்கு வெளிநாட்டுத் தானியங்கள் வேண்டியதில்லை. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, பருப்புக் கறி, கொய்யா, பப்பாசி, விளாம்பழம் எல்லாம் சந்தையிலேயே கிடைக்கின்றன. நூறு கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ ஐந்து கிராமும், சிறிய கிண்ணம் அவித்த பருப்பில் ஏழெட்டுக் கிராமும் நார் உண்டு. மதியத்தட்டில் மீன் துண்டு பெரிதானால் கீரையின் அளவும் கூடவே வளர வேண்டும் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நாரைக் கூட்டுபவர் தண்ணீரையும் கூட்டாவிட்டால் மலம் இன்னும் இறுகும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில், தகரக் கூரையின்கீழ் மின்விசிறி மட்டும் சுழலும் ஜிம்மில் ஒரு மணித்தியாலம் எடை தூக்குபவர் இழக்கும் வியர்வை சாதாரணமானதன்று. புரதம் சிதையும்போது உண்டாகும் யூரியாவை வெளியேற்றவும் சிறுநீரகத்துக்கு நீர் வேண்டும். நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர் என்பது தொடக்க அளவு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லீற்றருக்குச் சற்று மேலே குடித்து ஈடுசெய்யலாம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அதிகம் வியர்த்த நாளில் இளநீர் நல்லது. வயிற்றோட்டம் வந்துவிட்டால் இளநீரை நம்பியிராமல், ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கலவை) பைக்கற் ஒன்றைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதுமாகக் கரைத்து அன்றைக்கே குடித்து முடியுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு வாரத்தில் அசைவு இல்லையென்றால் பார்மசியில் கிடைக்கும் இசப்பகோல் உமியை இரவில் ஒரு பெரிய குவளை நீரோடு எடுக்கலாம். பேதி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பதை நான் ஏற்பதற்கில்லை.

ஏழாம் படி: மரக்கறி நாட்களைத் திட்டமிடுதல்

வெள்ளிக்கிழமைகளில் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. கந்தசஷ்டி, நவராத்திரி நாட்களிலும் அப்படியே. மற்ற நாளெல்லாம் மீனும் முட்டையும் தின்றவர், அந்த நாளில் மட்டும் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக ஒரு பெரிய சட்டி கடலையும் சோயாமீற்றும் தின்றுவிட்டு, சனிக்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜிம்முக்கு வருகிறார். பயறு, கடலை, கௌபி, சோயா ஆகியவற்றில் நமது குடலால் செரிக்க முடியாத ஒருவகைச் சீனித் தொடர்கள் உண்டு. வாயுவுக்குக் காரணம் அவையே. அவை நீரில் கரையும் என்பதால், முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய நீரில் நன்றாகக் குழைய அவித்தால் பெருமளவு குறைந்துவிடும். முளைகட்டிய பயறு இன்னும் இலகு. சோயாமீற்றையும் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். வாரத்தில் மற்ற நாட்களிலும் சிறிய கிண்ணம் பருப்போ பயறோ தவறாமல் சாப்பிட்டு வந்தால் குடல் பழகியிருக்கும். பெருங்காயமும் இஞ்சியும் உள்ளியும் சேர்த்துச் சமைப்பது நம் வீட்டு வழக்கம். ஆனால் உள்ளியே சிலருக்கு வாயுவைக் கூட்டும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். மாலையில் கொறிக்கும் கச்சானில் நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம் இருந்தாலும் அதைப்போல இருமடங்கு கொழுப்பு இருக்கிறது. அதைக் கைப்பிடியோடு நிறுத்துவதே நல்லது.

நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர் இளைஞர்கள் இன்னொரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். முழுநாளுக்கான புரதத்தையும் நோன்பு திறந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அடைக்கப் பார்த்தால் வயிறு தாங்காது. அந்த மாதத்தில் இலக்கைக் கிலோவுக்கு 1.2 கிராம் வரை குறைத்துக்கொண்டு, ஈத்தம்பழமும் கஞ்சியுமாகத் திறந்து, தொழுகைக்குப் பின் ஒரு வேளை, சஹருக்கு ஒரு வேளை என்று பிரித்தால் தசையும் கரையாது, வயிறும் கெடாது.

எட்டாம் படி: முட்டையையும் மீனையும் சரியாகக் கையாளுதல்

பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சமைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் வரை செரிக்கும்போது பச்சை முட்டையில் ஏறத்தாழப் பாதிதான் செரிக்கிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகிறது. சல்மொனெல்லாக் கிருமியும் உள்ளே போகலாம். வெள்ளைக்கரு இறுகும்வரை அவித்துச் சாப்பிடுங்கள். விவாதிக்க இதில் வேறொன்றும் இல்லை.

மீன் விடயம் அவ்வளவு இலகுவானதன்று. கடலோரத்தில் இருக்கும் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த, மலிவான புரதம் அதுதான். சமைத்த சூரை மீன் 100 கிராமில் 28 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால் சூரை, சாளை போன்ற கருஞ்சதை மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால், பக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடுகின்றன. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் குளிரூட்டியில் உறையவைத்தாலும் அது அழிவதில்லை. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, தோல் தடித்து, வயிற்றோட்டமும் வரலாம். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று எண்ணி வாழ்நாள் முழுவதும் மீனை விட்டுவிடுகிறார்கள். சிலர் புரதம் கூடிவிட்டது என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் தானாக அடங்கிவிடும் என்றாலும், மூச்சு விடச் சிரமமாக இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாங்கும்போது செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, மீன் ஐஸின்மேல் கிடக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய துண்டாக வாங்குவதானால் இன்னும் கவனம் தேவை. ஒரு வாரத்துக்கான மீனை ஞாயிற்றுக்கிழமையே வாங்குபவர்கள், வீட்டுக்கு வந்தவுடன் வேளைக்கான பங்குகளாகப் பிரித்து உறையவைத்துவிட வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்ற நாளில் அந்த மீனை மறந்துவிடுவதே நல்லது. வயிறு இலகுவாக இருக்க வேண்டிய நாட்களில் விளைமீன், கொடுவா போன்ற வெண்சதை மீன்கள் பொருத்தமானவை.

சமைக்கும் முறையும் முக்கியம். எண்ணெயில் பொரித்த மீனும் டெவல் கோழியும் கொத்துரொட்டியும் புரதம் தருபவைதாம். ஆனால் அவற்றின் கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, மிளகாய்த்தூள் எரிச்சலைக் கூட்டுகிறது.

ஒன்பதாம் படி: நெஞ்செரிவுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தல்

மாலை ஏழுக்குப் பயிற்சி தொடங்கி, ஒன்பதரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, பத்துக்குப் படுப்பவருக்கு நெஞ்செரிவு வராவிட்டால்தான் வியப்பு. படுப்பதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். முடியாதவர்கள் பயிற்சிக்கு மூன்று மணித்தியாலம் முன் பெரிய வேளையை முடித்துக்கொண்டு, இரவில் சிறிதாகச் சாப்பிடுங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் செய்யும்போது இடுப்புப் பட்டியை இறுக்கினால் வயிற்றழுத்தம் கூடி அமிலம் மேலேறும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும்.

புதியவர்கள் யாரும் சந்தேகிக்காத ஒன்று இன்னும் இருக்கிறது. உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளை வாங்கி நாள்தோறும் விழுங்குபவர்களுக்கு இரைப்பையின் உட்சுவர் புண்ணாகிறது. அதன்பின் எதைச் சாப்பிட்டாலும் மேல்வயிறு எரியும். எரிந்தவுடன் அமிலத்தைக் குறைக்கும் ஒமெபிரசோல் மாத்திரை ஒன்றையும் சேர்த்து விழுங்குவார்கள். பயிற்சியின் மறுநாள் வலி இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடக்கூடியது. மாத்திரை வேண்டியே தீருமென்றால் பெயர்ச்சீட்டில் சொல்லப்பட்ட அளவில் பரசிற்றமோல் இரைப்பைக்குப் பாதுகாப்பானது.

பத்தாம் படி: அடங்காவிட்டால் வைத்தியரிடம் எதைக் கொண்டுபோவது?

ஆறு வாரம் இந்த வரிசையில் முயன்றும் தொல்லை நீடித்தால் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். சித்த மருத்துவத்தை நாடுபவர்களும் முதலில் இங்கே வைத்தியர் சொல்லும் சோதனைகளைச் செய்துகொண்டு போவது நல்லது. போகும்போது எழுதிவைத்த கொப்பியையும், எடுக்கும் மாக்களின் டப்பாக்களையும், வலிமாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். எரிவு முதன்மையான தொல்லையானால் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமிக்கான சோதனையை வைத்தியர் கேட்கலாம். அமிலக் குறைப்பு மாத்திரைகள் அந்தச் சோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். சாப்பாட்டின்பின் வலப்பக்க விலாவின்கீழ் வலி வருபவருக்கு, குறிப்பாக அண்மையில் விரைவாக எடையிறக்கியவருக்கு, பித்தப்பைக் கல்லைத் தேடி ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். முடிவுகள் வரும்வரை பயிற்சியை நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. புரதத்தைக் கிலோவுக்கு 1.2 கிராமாக இறக்கி, மாக்கள் அனைத்தையும் நிறுத்தி, சோறும் மீனும் பருப்பும் கீரையுமாக வீட்டுச் சாப்பாட்டில் இருந்துகொண்டு, எடையையும் சற்றுக் குறைத்துத் தூக்கலாம்.